ஸ்டீபன் கிரேன் கேள்வி பதில்: படகு, போர், கசக்கிற இதயம்

போன வாரம் கிரேனைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கிரேனைக் கேள்விப்படாதவர்களுக்கு இரண்டு வரி: அமெரிக்கர், 1871இல் நியூ ஜெர்சியின் நெவார்க் நகரத்தில் ஒரு மெதடிஸ்ட் பாதிரியாரின் 14ஆவது பிள்ளையாகப் பிறந்தார், 1900இல் காசநோயில் இறந்தார். 28 வயதுக்குள் நாவல்கள், சிறுகதைகள், இரண்டு கவிதைத் தொகுப்புகள், போர்ச் செய்திகள் என்று எழுதித் தள்ளியிருக்கிறார்.

கேள்வி: இவரை இதுவரை படித்ததே இல்லை. எதில் தொடங்கலாம்?

‘ஓப்பன் போட்’ சிறுகதையில் தொடங்குங்கள், வேறு யோசனையே வேண்டாம். 1896 டிசம்பர் 31 அன்று ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் இருந்து, கியூபாவின் கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆயுதம் ஏற்றிக்கொண்டு ‘கமடோர்’ என்ற கப்பல் புறப்பட்டது. கிரேன் அதில் பத்திரிகையாளராகப் போனார். ஜனவரி 2 காலையில் கப்பல் மூழ்கிவிட்டது. கேப்டன், சமையல்காரர், எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் தொழிலாளி, கிரேன் ஆகிய நான்கு பேர் பத்தடி நீளப் படகு ஒன்றில் ஏறிச் சுமார் முப்பது மணி நேரம் கடலில் கிடந்தார்கள். அந்த அனுபவம்தான் கதை.

இதில் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. கரை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, எப்படியும் பிழைத்துவிடுவோம் என்று நான்கு பேருக்கும் தோன்றுகிற நேரம். பத்திரிகையாளர் தன் கோட்டுப் பையைத் துழாவுகிறார், எட்டு சுருட்டு இருக்கிறது, நான்கு நனைந்து ஊறிப்போயிருக்கின்றன, நான்கு நன்றாக இருக்கின்றன. யாரோ தேடி மூன்று உலர்ந்த தீக்குச்சிகளை எடுக்கிறார்கள். நான்கு பேரும் ஆளுக்கொரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வாய் தண்ணீரும் குடிக்கிறார்கள். அவ்வளவுதான். கடலுக்கு இவர்கள் இருப்பதே தெரியாது, கரையில் நிற்கிற ஆளோ இவர்கள் ஏதோ விளையாட்டாகப் படகு விடுகிறார்கள் என்று நினைத்துத் தன் கோட்டைக் கழற்றிச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறான். ஆனால் படகுக்குள் நான்கு சுருட்டு நான்கு பேருக்குப் பங்காகிறது. கிரேனின் மொத்த எழுத்தையும் இந்த ஒரு காட்சியை வைத்தே புரிந்துகொள்ளலாம் என்று நான் நினைக்கிறேன்: மேலே இருக்கும் பெரிய உலகத்துக்கு மனிதன் ஒரு பொருட்டே இல்லை, பக்கத்தில் இருக்கும் மனிதனுக்குத்தான் அவன் பொருட்டு.

கேள்வி: அந்தக் கதையில் ஒருவருக்கு மட்டும் ஏன் பெயர் இருக்கிறது?

நல்ல கவனிப்பு. கேப்டன், சமையல்காரர், பத்திரிகையாளர் என்று தொழிலை வைத்தே மற்ற மூவரையும் சொல்கிறார். எண்ணெய் போடும் தொழிலாளிக்கு மட்டும் பில்லி என்று பெயர். உண்மையிலும் அவர் பெயர் வில்லியம் ஹிகின்ஸ், பில்லி என்பது வில்லியத்தின் சுருக்கம். நான்கு பேரில் அவர்தான் பலசாலி, நன்றாக நீந்தத் தெரிந்தவர், விடிய விடியத் துடுப்புப் போட்டவர். கரையை எட்டும்போது செத்துப்போனதும் அவர் ஒருவர்தான். ஏன் அவர் என்று கிரேன் விளக்கவே இல்லை. பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்.

கேள்வி: போரையே பார்க்காதவர் போர் நாவல் எழுதினார் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது, கிரேன் பிறந்தது அதற்கு ஆறு வருடம் கழித்து. ‘ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ 1894 டிசம்பரில் சுருக்கமான வடிவத்தில் நாளிதழ்களில் வந்தது, 1895இல் புத்தகமானது. அவர் முதல் முதலாகப் போரை நேரில் பார்த்தது 1897இல், கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடந்த சண்டையில். நாவலுக்காக ‘செஞ்சுரி’ பத்திரிகையில் பழைய படைவீரர்கள் எழுதிய நினைவுக் கட்டுரைகளைப் படித்தார். அவற்றில் யார் எங்கே நின்றார்கள், எந்தப் படை எந்தப் பக்கம் போனது என்றெல்லாம் இருந்ததே தவிர, அந்த நேரத்தில் உள்ளே என்ன தோன்றியது என்பது இல்லை. அந்த இடத்தைத்தான் கிரேன் நிரப்பினார்.

நாவலில் போர்க்களத்தின் பெயர் வராது, சான்சலர்ஸ்வில் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள், கிரேனே பின்னால் எழுதிய ‘வெட்டரன்’ கதையில் அந்தப் பெயர் வருகிறது. ஹென்றி ஃப்ளெமிங் என்ற பையன் சண்டை நடுவில் பயந்து ஓடிவிடுகிறான். காட்டுக்குள் ஒரு அணிலைப் பார்த்து பைன் காயை எறிகிறான், அணில் ஓடுகிறது. பார்த்தாயா, ஆபத்து வந்தால் ஓடுவதுதான் இயற்கை, நான் செய்ததும் சரிதான் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறான். இன்னும் கொஞ்சம் தூரம் போனால் மரக்கிளைகள் வளைந்து கோயில் மாதிரி இருக்கும் ஓர் இடத்தில் ஒரு சிப்பாயின் பிணம் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, முகத்தில் எறும்பு ஊர்கிறது. சற்று முன்னால் அவனுக்கு ஆறுதல் சொன்ன அதே இயற்கைதான் இது.

அப்புறம் தலைப்பில் இருக்கும் அந்தச் சிவப்புப் பதக்கம், அதாவது காயம், அவனுக்கு எப்படிக் கிடைக்கிறது? எதிரியின் குண்டால் இல்லை. அவனைப் போலவே பயந்து ஓடுகிற சொந்தப் படைக்காரன் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடித்துவிடுகிறான். குண்டு பட்டது என்று சொல்லிப் படைக்குத் திரும்புகிறான், கூட்டாளிகள் நம்பி, கட்டுப்போட்டு, கம்பளி கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள். மறுநாள் உண்மையிலேயே வெறிகொண்டு சண்டை போடுகிறான். அவன் வீரனா கோழையா என்று கிரேன் தீர்ப்புச் சொல்லவில்லை. அதனால்தான் அந்த நாவல் இன்றும் பழசாகவில்லை.

கேள்வி: எம்.ஏ. பரீட்சைக்குப் படிக்கிறேன். இவர் யதார்த்தவாதியா, இயற்கைவாதியா, இம்ப்ரெஷனிஸ்டா?

பரீட்சைக்கு என்றால் மூன்றையும் எழுதி மூன்றுக்கும் உதாரணம் கொடுங்கள். அவருடைய முதல் நாவலான ‘மேகி’யில் சூழ்நிலை ஒரு பெண்ணை நசுக்குவதைக் காட்டுவதால் இயற்கைவாதம். நியூயார்க்கின் பவரி என்ற ஏழைப் பகுதியின் பேச்சு வழக்கை அப்படியே எழுதியதால் யதார்த்தம். கண்ணில் பட்ட நிறத்தையும் ஒளியையும் வைத்தே காட்சியைக் கட்டுவதால் இம்ப்ரெஷனிசம், நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் இவரை அப்படித்தான் பார்த்தார்.

கேள்வி: ‘மேகி’யை அவரே காசு போட்டு அச்சடித்தாரா?

ஆமாம், 1893இல், ஜான்ஸ்டன் ஸ்மித் என்ற புனைபெயரில். அனேகமாக விற்கவே இல்லை. ஆனால் எழுத்தாளர்கள் ஹாம்லின் கார்லண்டும் வில்லியம் டீன் ஹவல்ஸும் படித்துவிட்டுக் கைதூக்கி விட்டார்கள். கதையில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். காலர் தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மேகி, வாரக் கூலியில் கொஞ்சம் எடுத்துப் பூப்போட்ட துணி வாங்கி, அடுப்புக்கு மேலே இருக்கும் கோணல் மாடத்துக்குத் தொங்கல் தைத்து மாட்டுகிறாள், ஞாயிற்றுக்கிழமை தான் விரும்பும் பீட் வருவான் என்று. அவன் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தத் துணியைப் பார்த்தாலே அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. வறுமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் உண்டு, இந்தத் துணி போதும் எனக்கு.

கேள்வி: கவிதைகளைப் படித்தேன். சந்தம் இல்லை, எதுகை இல்லை, இதைக் கவிதை என்று எப்படிச் சொல்வது?

கிரேனும் கவிதை என்று சொல்லவில்லை, ‘வரிகள்’ என்றுதான் சொன்னார். முதல் தொகுப்பு ‘பிளாக் ரைடர்ஸ்’, 1895இல் பாஸ்டனில் கோப்லண்ட் அண்ட் டே வெளியிட்டது, எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், கல்வெட்டு மாதிரி. அன்றைக்கே பலர் கேலி செய்தார்கள்.

நான் ஒன்றைச் சுருக்கிச் சொல்கிறேன். பாலைவனத்தில் அம்மணமாக, மிருகம் மாதிரி ஒரு உயிர் குந்தி உட்கார்ந்து தன் இதயத்தைக் கையில் வைத்துத் தின்றுகொண்டிருக்கிறது. நன்றாக இருக்கிறதா நண்பா என்று கேட்டால், கசக்கிறது, ஆனால் பிடித்திருக்கிறது, கசப்பாக இருப்பதாலும் என் இதயமாக இருப்பதாலும் என்கிறது. எதுகை போட்டு இதை இனிப்பாக்கியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். புதுக்கவிதையில் பழகிய உங்களுக்கு இது அந்நியமாக இருக்காது, இன்னொரு தடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: ‘போர் கருணையானது’ என்று எழுதியிருக்கிறாரே, போரை ஆதரித்தாரா?

இல்லை. 1899இல் வந்த இரண்டாம் தொகுப்பின் தலைப்புக் கவிதை அது. காதலனை இழந்த பெண்ணிடமும், தகப்பனை இழந்த குழந்தையிடமும், கடைசியில் ஒரு தாயிடமும் அழாதே, போர் கருணையானது என்று சொல்கிறது. நடுநடுவே முரசும் கொடியும் முழங்குகிற பகுதிகள். கடைசியில் அந்தத் தாயின் இதயம், மகனுடைய பளபளப்பான சவத்துணியில் ஒரு பொத்தான் மாதிரி அடக்கமாகத் தொங்குகிறது என்கிறார். அந்தப் பொத்தானைப் பார்த்த பிறகு ‘கருணை’ என்ற சொல் வாயில் நிற்காது. கவிதை வேண்டுவதும் அதைத்தான்.

கேள்வி: ‘ப்ளூ ஹோட்டல்’ கதையில் ஸ்வீடன்காரனைக் கொன்றது யார்?

கத்தியால் குத்தியது சூதாடி. அவனுக்கு மூன்று வருடச் சிறை. ஆனால் சில மாதம் கழித்து, அவனோடு ஹோட்டலில் தங்கியிருந்த கௌபாய் அடுப்பில் பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருக்கும்போது, அங்கே தங்கியிருந்த இன்னொருவரான கிழக்கத்திக்காரர் வந்து உண்மையைச் சொல்கிறார்: ஹோட்டல்காரரின் மகன் ஜானி சீட்டாட்டத்தில் ஏமாற்றினான், நான் பார்த்தேன், பேசாமல் இருந்துவிட்டேன், நாம் எல்லோரும் சேர்ந்துதான் அவனைக் கொன்றோம். ‘ஓப்பன் போட்’ கதையில் நான்கு பேர் ஒருவரையொருவர் தாங்கினார்கள், இங்கே யாரும் தாங்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

கேள்வி: கறுப்பின மக்களைப் பற்றி எழுதியிருக்கிறாரா?

‘மான்ஸ்டர்’ (ராட்சசன், 1898) படியுங்கள். டாக்டர் வீட்டில் தீப்பிடிக்கிறது, அவருடைய குட்டிப் பையனைக் காப்பாற்றப்போன கறுப்பினக் குதிரைக்காரர் ஹென்றி ஜான்சனின் முகம் ரசாயனத்தில் வெந்துபோகிறது. டாக்டர் நன்றியோடு அவரைக் காப்பாற்றிப் பராமரிக்க, ஊர் முழுக்க டாக்டர் குடும்பத்தையே ஒதுக்கிவைக்கிறது. கடைசிக் காட்சியில் டாக்டரின் மனைவி அழுதுகொண்டிருக்கிறாள், விருந்துக்கு யாரும் வரவில்லை, டாக்டர் அவள் தலையைத் தோளில் சாய்த்துப் பிடித்தபடியே மேசையில் இருக்கும் கோப்பைகளை எண்ணுகிறார். பதினைந்து. கிரேன் சிறுவயதில் வாழ்ந்த, நியூயார்க் மாநிலத்தின் போர்ட் ஜெர்விஸ் ஊரில் 1892இல் ராபர்ட் லூயிஸ் என்ற கறுப்பினத்தவரைக் கும்பல் தூக்கிலிட்டது, தடுக்க முயன்றவர்களில் கிரேனின் அண்ணனும் ஒருவர். கதையின் முற்பகுதியில் ஹென்றியை வர்ணிக்கும் விதத்தில் அந்தக் காலத்து இனக் கேலி இருக்கிறது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் கதை யாரை ராட்சசன் என்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

கேள்வி: வாழ்க்கை வரலாறு ஏதாவது படிக்கலாமா?

1923இல் தாமஸ் பியர் எழுதியதை மட்டும் நம்ப வேண்டாம், அதில் இருக்கும் கடிதங்கள் பலவும் அவரே புனைந்தவை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அதிலிருந்து எடுத்த மேற்கோள்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பால் ஆஸ்டர் 2021இல் எழுதிய ‘பர்னிங் பாய்’ பெரிய புத்தகம், ஒரு எழுத்தாளர் இன்னொரு எழுத்தாளரைப் பாசத்தோடு படிப்பது எப்படி என்று அதில் பார்க்கலாம்.

கேள்வி: ‘ஓப்பன் போட்’ கதையைத் தமிழில் மொழிபெயர்க்க முயல்கிறேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.

வானத்தின் நிறம் அவர்களில் யாருக்கும் தெரியாது, இதுதானே அந்த வரி? எல்லோர் கண்ணும் பாய்ந்துவரும் அலைமேல் இருக்கிறது, நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. கிரேன் போட்டிருப்பது அறிதல் என்ற பொருள் தரும் சொல். ஆனால் தமிழில் ‘தெரிதல்’ அறிவதற்கும் கண்ணில் படுவதற்கும் ஒரே சொல், நமக்கு அது பெரிய வசதி. ‘தெரியாது’ என்றா ‘தெரியவில்லை’ என்றா என்று மட்டும் யோசியுங்கள். ‘தெரியவில்லை’ என்றால் மூடுபனி மாதிரி ஏதோ மறைத்தது போல ஆகிவிடும். நான் ‘தெரியாது’ என்றே வைப்பேன். அடுத்த பத்தியையும் முடித்துவிட்டு அனுப்புங்கள், அலை வரும் வாக்கியங்களின் நீளத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.