பேரேட்டில் ஏறாத மாத்திரை

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 54. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அன்று தொடங்கி, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை. இடித்த இடமெல்லாம் கன்றிப் போகிறது, பல் துலக்கினால் ஈறில் இரத்தம், முடியும் கொட்டுகிறது. சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் என் கையைப் பார்த்து, "மாப்பிள்ளை கை நீட்டுகிறாரா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். இன்னொருவர், "இது எலி மருந்து அல்லவா?" என்றார். வெறுத்துப்போய் மூன்று நாள் நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. முருங்கைக்கீரையை அறவே விடச் சொல்கிறார்கள். விட வேண்டுமா? புதிதாக வந்திருக்கும் மாத்திரைக்கு மாறலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் அப்பச்சியின் பெட்டகத்தை ஒழித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து கிடைத்த நோட்டு ஒன்று இரண்டு நாளாக மேசைமேல் இருக்கிறது. அதனால் நீங்கள் கேட்டதை விட்டுவிட்டு நான் வேறெங்கோ போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வைதுவிடுகிறேன். மூன்று நாள் நிறுத்தியதைக் கடைக்குப் போய் வந்ததைப் போல ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். வார்ஃபரின் விழுங்கியவுடன் வேலை செய்வதுமில்லை, நிறுத்தியவுடன் விலகிப்போவதுமில்லை. இரத்தத்தை உறையவைக்க வைட்டமின் கே-யைக் கொண்டு கல்லீரல் உண்டாக்கும் பொருள்களை அது குறைத்துவைக்கிறது. அவை பழைய அளவுக்கு வரச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால், 'ஒன்றும் ஆகவில்லை' என்று நீங்கள் நிம்மதி அடைந்த அந்த மூன்றாம் நாளில்தான் உங்கள் வால்வு காவலை இழக்கத் தொடங்கியிருக்கும். உலோகத்தின்மேல் இரத்தம் கட்டுவது உங்களுக்குத் தெரியாது. அது பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போய் வாய் கோணிய பிறகு, கையில் கன்றியிருக்கிறதா என்று யாரும் பார்க்கப்போவதில்லை. இனி மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

எலி மருந்து என்றவரிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போயிருக்கலாம். பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் சாக, 1933-ஆம் ஆண்டு பனிப்புயலில் அமெரிக்காவின் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் உறையாத மாட்டு இரத்தத்தை வாளியில் எடுத்துக்கொண்டு உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்கின் ஆய்வகத்துக்கு வந்த கதை அது. அங்கே பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலிக்கும், 1954-இல் மனிதருக்கும் வந்தது. அடுத்த ஆண்டே மாரடைப்புக் கண்ட அதிபர் ஐசனோவருக்கும் கொடுத்தார்கள். அளவுதான் வேறு. கல்யாண வீட்டுச் சிரிப்புக்கு என்னிடம் மருந்தில்லை. முடியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். புது மாத்திரை உங்களுக்கு ஆகாது. அவற்றில் ஒன்றான டாபிகட்ரானை உலோக வால்வு வைத்தவர்களிடம் சோதித்தபோது இரத்தம் கட்டுவதும் கூடி, இரத்தக் கசிவும் கூடி, ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

இப்போது அந்த நோட்டு. என் அப்பச்சி பினாங்குக் கடையொன்றில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து மேலாளுக்கு அடுத்த பொறுப்பான அடுத்தாளாகத் திரும்பியவர். எழுபது வயதுக்கு மேல் இதயம் தாளம் தப்பித் துடிக்கத் தொடங்கியதால் அவருக்கும் இதே மாத்திரைதான். ஒரு நாள் முழு மாத்திரை, மறுநாள் அரை. அரை மாத்திரையைப் பாக்குவெட்டியால் வெட்டுவார். சிதறிய தூளை விரல் நுனியில் ஒற்றி நாக்கில் வைத்துக்கொள்வார், அதுவும் கணக்கில் சேரும் என்று. நோட்டில் தேதி, மாத்திரை, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண், அன்று சமைத்த கீரை என்று நான்கு பத்திகள். 'வியாழன், அரை, 2.4, முருங்கை ஒரு கரண்டி' என்று பென்சிலில் இருக்கிறது. கீரையில் வைட்டமின் கே மிகுதி என்பதற்காக ஆத்தா அதை அடுப்படியைவிட்டே விலக்கப் பார்த்தபோது அவர் ஒப்பவில்லை. "வாரம் ரெண்டு நாள்னா ரெண்டு நாள். வரவு ஒரே மாதிரி இருந்தா கணக்கு நேராகும்" என்றார். அவருடைய மருத்துவரும் அதையேதான் சொன்னார்.

ஒரே ஒருமுறை அந்தக் கணக்கு தப்பியது. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நாள் முழுதும் நின்றதில் முழங்கால் வலிக்க, ஒரு மருந்துக்கடையில் கேள்வி ஏதும் கேட்காமல் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து மலம் தாரைப் போலக் கறுத்தது. பெட்டியடியில் உட்கார எழுந்தவர் முகப்பில் சாய்ந்துவிட்டார். மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் நோட்டை வாங்கி, 'முழங்கால் மாத்திரை 8, யாரையும் கேட்கவில்லை' என்றும், அதன் கீழே 'இரத்தம் 2 பாட்டில் வரவு, திருப்பிக் கொடுக்க வழியில்லை' என்றும் எழுதினார். அந்த இரண்டாம் வரியைப் படித்துவிட்டுப் பெட்டகத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆச்சி, கல்யாணச் சாமான் பரப்பும்போது கரண்டி ஒன்று விடாமல் பட்டியல் போடுகிறவர்கள் நாம். தாத்தா காலத்து மொய் நோட்டை இன்றும் எடுத்துப் பார்த்துத்தான் மொய் எழுதுகிறோம். உங்கள் கடிதத்தில் கன்றல் இருக்கிறது, ஈறு இருக்கிறது, சிரித்தவர்கள் இருக்கிறார்கள், ஐ.என்.ஆர். எண் ஒன்றுகூட இல்லை. அப்பச்சிக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருந்தால் போதும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ள உங்களைப் போன்றவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வைப்பார்கள். ஈறில் இரத்தம் கசிவது அந்த எண் ஏறிவிட்டதாலா, பல் துலக்கும் தூரிகை கடினமாக இருப்பதாலா என்று எண்ணைப் பார்க்காமல் நானும் சொல்ல முடியாது, உங்கள் மருத்துவரும் சொல்ல முடியாது. நாளைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, சித்த மருந்து, யாரோ கொடுத்த லேகியம் எல்லாம் மருத்துவரைக் கேட்ட பிறகே அதில் ஏற வேண்டும். இரண்டாங்கட்டின் தாழ்ந்த நிலைவாசலில் தலையை இடித்துக்கொண்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கீரையைக் கேட்டிருந்தீர்கள். இதுவரை எப்படிச் சாப்பிட்டீர்களோ அப்படியே சாப்பிடுங்கள். நான்கு வாரம் தொடாமல் இருந்துவிட்டு ஐந்தாம் வாரம் ஒரு சட்டியைக் காலி செய்யாதீர்கள்.

கடைசியாக எப்போது இரத்தம் எடுத்தார்கள்? எண்ணையும் தேதியையும் எழுதி அனுப்புங்கள்.