டிராகுலா: நாவலில் இருப்பதும் படத்தில் வந்ததும் – வாசகர் கேள்விகள்

நாவலை முழுசாகப் படித்துவிட்டேன். வெயில் பட்டு டிராகுலா சாகும் இடம் கண்ணில் படவே இல்லையே?

படாது. அப்படி ஓர் இடமே கிடையாது. பிராம் ஸ்டோக்கரின் நாவலில் (1897) 13வது அத்தியாயத்தைப் பாருங்கள்: லண்டன் பிக்காடிலியில், பட்டப்பகலில் நின்றுகொண்டு டிராகுலா ஒரு பெண்ணை வெறித்துப் பார்க்கிறான். பகலில் அவன் சக்தி அடங்கிக் கிடக்கும், நினைத்த நேரத்தில் உருமாற முடியாது, அவ்வளவுதான். 18வது அத்தியாயத்தில், அவனை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் இதை விளக்கமாகச் சொல்கிறார். அவன் முடிவும் சூரியன் மறையும் நேரத்தில் வருகிறது. நெஞ்சில் அறையும் மரமுளை கிடையாது, துரத்தி வந்தவர்களில் ஹார்க்கரின் குக்ரி (வளைந்த நேபாளக் கத்தி) கழுத்தை அறுக்க, குயின்சி மோரிஸின் கத்தி நெஞ்சில் இறங்க, உடல் தூளாகிவிடுகிறது.

வெயிலால் கொல்லும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தது இயக்குநர் முர்னாவின் ஜெர்மன் படம் ‘நோஸ்ஃபெராட்டு’ (1922). அதை எல்லோர் மனதிலும் பதியவைத்தது ஹேமர் என்ற பிரிட்டிஷ் பட நிறுவனத்தின் 1958 ‘டிராகுலா’. வான் ஹெல்சிங்காக வரும் பீட்டர் குஷிங் திரைச்சீலையைப் பிய்த்தெறிந்து, இரண்டு மெழுகுவத்தித் தண்டுகளைச் சிலுவையாகப் பிடித்து, டிராகுலாவாக வரும் கிறிஸ்டோபர் லீயை வெளிச்சத்துக்குள் தள்ளுவார். அந்தக் காட்சியில் பிரிட்டனில் காட்டப்படாத சில ஷாட்கள் ஜப்பானில் இருந்த பிரதியிலிருந்து மீட்கப்பட்டு 2013 ப்ளூ-ரேயில் சேர்ந்தன. வாங்குவதென்றால் அதையே வாங்குங்கள்.

‘நோஸ்ஃபெராட்டு’வில் ஓர்லாக் பிரபு (அந்தப் படத்தில் டிராகுலாவுக்கு வைத்த பெயர்) சவப்பெட்டியை இடுக்கிக்கொண்டு ஊருக்குள் நல்ல வெயிலில் நடக்கிறார். கடைசியில் அதே வெயில் அவரைக் கொல்கிறது. இது கோட்டைவிட்டதா?

நீங்கள் பார்த்த பிரதிதான் கோளாறு. அன்றைய ஃபிலிமுக்கு இருட்டில் படம் பிடிக்கும் திறன் போதாது. இரவுக் காட்சியைப் பகலில் எடுத்து, திரையிடும் பிரதியை நீலச் சாயத்தில் தோய்ப்பார்கள். நீலம் வந்தால் இரவு என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். பிற்காலத்தில் கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் நகல் எடுத்தபோது சாயம் போய்விட்டது, நடுநிசி மத்தியானமாகிவிட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பல இந்த ரகம்தான்.

நல்ல பிரதியா என்று பார்க்க முதலில் நிறத்தைக் கவனியுங்கள், அடுத்து ஓடும் நேரத்தை. முர்னாவ் அறக்கட்டளை 2006 வாக்கில் மீட்டெடுத்த பதிப்பு சுமார் 94 நிமிடம், நொடிக்கு 18 பிரேம். அதையே 24 பிரேமில் ஓட்டினால் 70 நிமிடத்தில் முடிந்துவிடும், ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள், பயம் சிரிப்பாகிவிடும். ஆனால் காட்டுவழியில் குதிரைவண்டி தத்தித் தத்திப் பறப்பதும், மரங்கள் வெள்ளையாக நெகட்டிவில் தெரிவதும் முர்னாவ் வேண்டுமென்றே செய்தவை. அதைப் பழுது என்று நினைத்து அடுத்த பிரதி தேடவேண்டாம்.

அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டதாமே?

ஆமாம், 1925இல். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் தொடுத்த வழக்கு. பாத்திரப் பெயர்களை மாற்றிய தயாரிப்பாளர்கள், ‘ஸ்டோக்கரின் நாவலைத் தழுவியது’ என்று டைட்டிலிலேயே போட்டுவிட்டார்கள். அப்புறம் எங்கே மறுப்பது? படத்தை எடுத்த பிரானா-ஃபிலிம் நிறுவனம் ஏற்கெனவே திவால், நஷ்டஈடு பெயரவில்லை. வெளிநாடுகளுக்குப் போயிருந்த பிரதிகளால் படம் பிழைத்தது. நாவலின் காப்புரிமை முடிந்த பிறகு எடுத்ததால்தான் 1979இல் ஜெர்மன் இயக்குநர் ஹெர்சாக் தன் ‘நோஸ்ஃபெராட்டு’வில் டிராகுலா என்ற பெயரையே தைரியமாக வைத்தார்.

1931 ‘டிராகுலா’ படம், அவன் கோட்டை இருக்கும் டிரான்சில்வேனியாவில் அசத்திவிட்டு, லண்டன் வந்ததும் நாடகம்போல் ஆகிவிடுகிறதே, ஏன்?

நாடகமேதான். யுனிவர்சல் நிறுவனம் பெரிதும் நம்பியது நாவலைவிட மேடைப் பிரதியை. ஹாமில்டன் டீன் 1924இல் இங்கிலாந்தில் மேடையேற்றி, ஜான் பால்டர்ஸ்டன் 1927 பிராட்வேக்காகத் திருத்திய நாடகம் அது. ஊர் ஊராகப் போகும் குழு என்பதால் கப்பல், கோட்டை, துரத்தல் எல்லாவற்றையும் கத்தரித்து, கதையை வரவேற்பறைக்குள் அடைத்தார் டீன். வரவேற்பறைக்குள் வருகிறவன் கௌரவமாக இருக்கவேண்டாமா? நாவலில் வெள்ளை மீசையும் உள்ளங்கையில் மயிருமாக வரும் கிழவன், மாலைநேர கோட்டு சூட்டுக்கும் மேலங்கிக்கும் மாறினான். அந்த உயரக் காலரும் மேடைத் தந்திரம்தான்: நடிகர் முதுகைக் காட்டித் திரும்பினால் தலை மறையும், மற்றவர்கள் அங்கியைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் தரையிலிருக்கும் பொறிக்கதவு வழியே நழுவிவிடுவார். பிராட்வேயில் நடித்த பேலா லுகோசியே படத்திலும் வந்ததால் அந்தத் தோற்றம் நிலைத்துவிட்டது.

அதே செட்டில் இரவு நேரத்தில் வேறு குழு எடுத்த ஸ்பானிஷ் பதிப்பையும் பாருங்கள். ஆங்கிலம் 75 நிமிடம், அது 104. பகல் குழு எடுத்ததைப் பார்த்துவிட்டு வேலை செய்ததாலோ என்னவோ, கேமரா கூடுதலாக நகர்கிறது. ஆனால் லுகோசி அதில் இல்லை. அந்தக் குறை பெரிய குறை.

கோரைப்பல் எப்போது வந்தது?

நாவலிலேயே உண்டு. ஓர்லாக்குக்கு எலிபோல முன்பல் இரண்டு. லுகோசிக்குப் பல்லே காட்டவில்லை. 1953 துருக்கிப் படம் ‘டிராகுலா இஸ்தான்புல்தா’விலும் 1957 மெக்சிகோ படம் ‘எல் வாம்பிரோ’விலும் கோரைப்பல் தெளிவாகத் தெரியும். லீ அதை வண்ணத்தில், ரத்தத்தோடு காட்டினார்.

நாவலுக்கு ரொம்ப நெருக்கமான படம் எது? கொப்போலாவுடையதா?

கொப்போலாவின் 1992 படம் பாத்திரங்களைக் குறைக்கவில்லை, குக்ரியைக்கூட விடவில்லை. ஆனால் இறந்த மனைவி மறுபிறவி எடுத்து வரும் காதல் நாவலில் ஒரு வரிகூட இல்லை. 1974இல் டான் கர்ட்டிஸ் இயக்கிய தொலைக்காட்சிப் படத்திலேயே அது வந்துவிட்டது. என் ஓட்டு பிபிசியின் 1977 ‘கவுண்ட் டிராகுலா’வுக்கு. நாவலில் தோழிகளான மினாவையும் லூசியையும் அக்கா தங்கையாக்கியது, லூசியை மணக்கக் கேட்பவர்களில் இருவரை ஒருவராகச் சேர்த்தது ஆகியவை போக, பெரும்பாலும் நாவல் வழியிலேயே போகிறது. கோட்டைச் சுவரில் தலைகீழாக இறங்கும் காட்சியும் உண்டு.

‘கார்மிலா’வுக்கு எந்தப் படம்?

பெண் ரத்தக்காட்டேரியைப் பற்றி லெ ஃபானு எழுதிய இந்தக் குறுநாவல் டிராகுலாவுக்குக் கால் நூற்றாண்டு மூத்தது. இயக்குநர் டிரையரின் ‘வாம்பிர்’ (1932) லெ ஃபானுவின் தொகுப்பைத் தழுவியதாகச் சொல்லிக்கொண்டாலும், அதில் கார்மிலாவைத் தேடினால் ஏமாற்றம்தான். படத்தின் சாம்பல் மூட்டம் லென்ஸுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணி பிடித்து எடுத்தது. டிவியின் கான்ட்ராஸ்டை ஏற்றினால் அது செத்துவிடும். கதை வேண்டுமென்றால் ஹேமரின் ‘தி வாம்பயர் லவ்வர்ஸ்’ (1970). சதையைக் கொஞ்சம் தாராளமாகவே காட்டுகிறது, வீட்டில் குழந்தைகள் தூங்கிய பிறகு போடுங்கள்.