ஜப்பானியப் புராணப் பின்னணியில் சின்ன குழு செய்த ஆக்‌ஷன் ஆர்பிஜி (சண்டை போட்டபடி நம் பாத்திரத்தின் பலத்தை வளர்க்கும் வகை வீடியோ கேம்) எதையாவது முழுசாக விளையாடியிருக்கிறீர்களா? எப்படி இருந்தது?

ஒன்றே ஒன்றைத்தான் கடைசி வரை விளையாடினேன்: 'சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ருயின்'. 2020 நவம்பரில் வந்தது. செய்தது எடல்வைஸ் என்கிற ஜப்பானியக் குழு. குழு என்கிறேனே தவிர, அடிப்படையில் இரண்டு பேர்தான்.

சகுனா ஒரு குட்டி தெய்வம். அப்பா போர்த் தெய்வம், அம்மா விளைச்சல் தெய்வம். அவர்கள் சேர்த்து வைத்ததை உட்கார்ந்து தின்று வளர்ந்த செல்லப் பெண். மேலுலகத் தலைவி காமுஹிட்சுகிக்குப் படைக்க வைத்திருந்த அரிசி இவளால் எரிந்துபோகிறது. தண்டனையாக, ஓனி என்கிற அரக்கர்கள் திரியும் ஹினோயே தீவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கூடவே மேலுலகத்துக்கு வழிதவறி வந்த ஐந்து மனிதர்கள். இவ்வளவுதான் கதை.

நான் சண்டைக்காகத்தான் வாங்கினேன். அவளுடைய தெய்வீக ஆடையின் துணியை வீசி எதிரியைப் பிடித்துத் தாவும் வித்தை கைக்கு வந்துவிட்டால் அபார சுகம். முதல் இரண்டு மணி நேரம் வெட்டித் தள்ளினேன். லெவல் மட்டும் ஏறவே இல்லை. அப்புறம்தான் புரிந்தது, இந்த கேமில் எத்தனை ஓனியைக் கொன்றாலும் பலம் கூடாது. நெல் அறுவடையானால்தான் கூடும். விளைச்சல், ருசி, மணம், பசைத்தன்மை என்று அரிசியின் ஒவ்வொரு குணமும் அவள் உடம்பில் போய்ச் சேர்கிறது. பருவத்துக்கு மூன்று நாள், ஆக 12 நாளில் ஒரு வருஷம், வருஷத்துக்கு ஒரு போகம்.

வயல் வேலை ஒப்புக்குச் சப்பாணி இல்லை. விதையை உப்புத் தண்ணீரில் போட்டுப் பொக்கைப் பிரிக்க வேண்டும், நாற்று விட வேண்டும், பின்பக்கமாகவே நடந்து ஒவ்வொரு நாற்றாக நட வேண்டும். களை, எரு, தண்ணீர் மட்டம் என்று எல்லாமே கணக்கு. அறுத்த கதிரைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்து, அடித்து, உலக்கையால் குத்தி எடுக்கிறோம். அரிசியை எவ்வளவு வெள்ளையாக்குவது என்பதுகூட நம் இஷ்டம்.

என் முதல் போகம் படுதோல்வி. நெருக்கி நட்டு, அறுவடை வரை தண்ணீரைக் கட்டியே வைத்திருந்தேன். பின்னால் நின்று பார்த்த என் அப்பா, "தூர் கட்டின பிறகு தண்ணிய வடிய விடுடா. காய்ச்சலும் பாய்ச்சலுமா இருந்தாத்தான் வேர் பிடிக்கும்" என்றார். அடுத்த போகத்தில் அப்படியே செய்தேன், வித்தியாசம் தெரிந்தது. ஜப்பானில் இந்த கேம் வந்தபோது நிறைய பேர் வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தைப் பார்த்துத்தான் விளையாடினார்களாம். நமக்கு வீட்டிலேயே அமைச்சகம்.

புராணம் என்று கேட்டிருக்கிறீர்கள். சகுனா கதை சொந்தக் கற்பனைதான். ஆனால் நெல்லும் தெய்வமும் ஒன்றாகப் பிணைந்த கதைகள் அங்கே பழையவை. 712-இல் தொகுத்த கோஜிகி என்கிற ஜப்பானியப் புராண நூலில், ஓகெட்சுஹிமே என்கிற உணவுத் தெய்வத்தை சுசனோ என்கிற புயல் தெய்வம் கொன்றுவிட, அவள் கண்களிலிருந்து நெல் முளைக்கிறது. சாப்பாட்டை எங்கிருந்து எடுத்துக் கொடுத்தாள் என்று பார்த்து அருவருத்துப்போய்க் கொல்கிறான். வாய், மூக்கு, அப்புறம் இன்னொரு இடம், மேலே கேட்காதீர்கள்.

குறை உண்டு. அடுத்த இடம் திறப்பதற்குப் பழைய இடங்களிலேயே திரும்பத் திரும்பச் சுற்றவைக்கிறது, நடுப்பகுதியில் அது இழுவை. இரவில் எதிரிகள் பலம் கூடி வருவார்கள், தெரியாமல் மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது. ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது பேசும் பேச்சும் நீளம்தான், ஆனால் அதைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

அப்பா இப்போதும் நடுநடுவே கேட்பார்: "அந்தப் பொண்ணு நெல்லு மூட்டை என்ன விலைக்குப் போவுது?"