கை நடுக்கம் உள்ளவர்களுக்குக் கைபேசியில் தமிழ் எழுத ஒரு வழி

வணக்கம். மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கடை வைத்திருக்கும் உங்கள் தந்தையாருக்குக் கை நடுக்கத்தால் பக்கத்து எழுத்தே விழுகிறது என்றும், குரல்வழித் தட்டச்சு சந்தை இரைச்சலில் சொற்களைத் தவறவிடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள்.

அவருக்கு முதலில் கையெழுத்து உள்ளீட்டைப் பழக்குங்கள். கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டின் அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குச் சென்று தமிழுக்குக் கையெழுத்து வகையைச் சேர்த்தால், விசைகள் இருந்த இடத்தில் வெற்றுப் பலகை தோன்றும். அதில் விரலால் எழுதினால் போதும். சிறு கட்டத்தைக் குறிவைத்துத் தொட வேண்டியதில்லை என்பதாலும், எழுத்தின் முழு வடிவமே அடையாளம் காணப்படுவதாலும், கோடு சற்று நெளிந்தாலும் பெரும்பாலும் சரியாகவே வருகிறது. இதே நடுக்கம் உள்ள என் அம்மா ‘மல்லி 3 கிலோ’ என்று எழுதும்போது சில வேளை புள்ளி மட்டும் விடுபடும். மேலே வரும் பரிந்துரைகளில் சரியான சொல்லைத் தொட்டுவிடுவார்.

பூவில் தெளித்த நீர் விரலில் இருந்தால் எந்த முறையும் கைகொடுக்காது. தொடுதிரை மின்னேற்ற மாற்றத்தைக் கொண்டே தொடுதலை உணர்கிறது. நீர்த்துளியும் அந்த மாற்றத்தை உண்டாக்கிவிடும். தோளில் கிடக்கும் துண்டில் கையைத் துடைத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

விசைகளையே அவர் விரும்பினால், செல்லினம் என்னும் தமிழ்த் தட்டச்சுச் செயலியில் உள்ள தமிழ் 99 விசைப்பலகை முறையைப் பரிந்துரைப்பேன். அதில் ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தொடுதல்கள். புள்ளி தானாக விழும்.