சொன்ன தேதிக்குக் கொடுங்கள், விளம்பரம் பிறகு: சிறு வணிகர் கேள்வி–பதில்

சென்னையில் சிறிய கடையும் வீட்டுத் தொழிலும் நடத்துபவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறு இங்கே. விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று கேட்டவர்களே அதிகம். ஏற்கெனவே வாசல்படி ஏறி வந்தவரை எப்படித் தக்கவைப்பது என்பதற்கே இம்மாதம் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

வேளச்சேரியில் பெண்களுக்கான தையல் கடை நடத்துகிறேன். இரண்டு டெய்லர்கள். போன தீபாவளிக்கு நிறைய பிளவுஸ் தாமதமாகி, சிலர் சண்டை போட்டுத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வருடம் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுத்துப் புது ஆட்களைப் பிடிக்கலாமா?
– வாசகி, வேளச்சேரி

இப்போது வேண்டாம். உங்களிடம் குறைவது ஆர்டர் அல்ல, தைக்கும் கை. விளம்பரத்தைப் பார்த்து வருபவருக்கும் அதே தாமதம்தான் நடக்கும். காசு கொடுத்துக் கெட்ட பெயர் வாங்குவதாக ஆகிவிடும்.

முதலில் கடையால் எவ்வளவு முடியும் என்று அளந்து பாருங்கள். ஒரு வாரம், ஒவ்வொரு டெய்லரும் நாளொன்றுக்கு முழுதாக முடித்த பிளவுஸ் எத்தனை என்று நோட்டில் குறியுங்கள். சாதா, லைனிங் இரண்டும் தனித்தனியாக. "ஆறு தைப்பார்" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். கட்டிங், ஹூக், ஹெம்மிங், அயர்ன் எல்லாம் முடிந்து கவரில் போவது நான்காக இருக்கும். நான்கு என்றே வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கு வாரத்தில் ஆறு நாளில் 48. அதில் ஐந்தில் ஒரு பங்கை ஆல்டரேஷனுக்கும் திடீர் லீவுக்கும் மின்தடைக்கும் தள்ளிவிடுங்கள். மிச்சம் 38. வாரத்துக்கு நீங்கள் வாங்கக்கூடிய ஆர்டர் அவ்வளவுதான்.

அந்த 38-ஐ ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஆறுதான் வரும். எனவே மாதக் காலண்டரில் வேலை நாள் ஒவ்வொன்றுக்கும் ஆறு கட்டம் போட்டு, ஆர்டர் வாங்கும்போதே பில் எண்ணைக் கட்டத்தில் எழுதுங்கள். ஆறும் நிரம்பிய தேதியை, பத்து வருடப் பழக்கமுள்ள அக்கா வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது. தீபாவளிக்கு முந்தைய மூன்று நாட்களுக்குக் கட்டமே போடாதீர்கள், அவை ஆல்டரேஷனுக்கு. கட்டங்கள் தீர்ந்ததும் "தீபாவளி ஆர்டர் முடிந்தது" என்று போர்டு மாட்டிவிடுங்கள். அதைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர் அடுத்த வருடம் முன்கூட்டியே வருவார். பண்டிகைக்கு முந்தின இரவு வாசலில் நின்று துணி கிடைக்காமல் போனவர் வரமாட்டார், தன் அபார்ட்மெண்ட்டில் இருப்பவர்களையும் வரவிடமாட்டார்.

தாமதம் பெரும்பாலும் மெஷினில் பிறப்பதில்லை. அளவு எடுக்கும் மேசையில்தான் பிறக்கிறது. அளவு பிளவுஸைக் கொடுத்து "இதைவிடக் கொஞ்சம் லூஸ்" என்பார்கள். அந்தக் "கொஞ்சம்" கையிலா, இடுப்பிலா, எத்தனை அங்குலம் என்று அப்போதே பில்லில் ஏறவில்லையென்றால் பிரித்துத் தைக்கும் வேலை நிச்சயம். முன் கழுத்து, பின் கழுத்து இரண்டின் ஆழத்தையும் எழுதி, வடிவத்தைச் சின்னதாக வரைந்து காட்டி, அவர் சரி என்ற பிறகு துணியை வாங்குங்கள். அடுத்தது லைனிங். நனைக்காமல் வெட்டிய காட்டன் லைனிங் முதல் துவைப்பிலேயே சுருங்கி மேல்துணியை இழுத்துவிடும். அந்த பிளவுஸ் சீசனின் நடுவே உங்களிடமே திரும்பி வரும். ஆர்டர் வாங்கிய அன்றே லைனிங்கை நனைத்து உலர்த்திவிடுங்கள். ஆரி எம்பிராய்டரி வேலை போல வெளியே கொடுப்பதாக இருந்தால், அவர் சொல்லும் தேதியோடு உங்கள் தையலுக்கு மூன்று நாள் சேர்த்த பிறகே வாடிக்கையாளருக்குத் தேதி சொல்ல வேண்டும்.

பில்லில் எழுதும் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக டெய்லருக்குத் தேதி கொடுங்கள். அப்படியும் தவறும் என்று தெரிந்தால் முதல் நாளே நீங்களாகப் போன் செய்து, புதுத் தேதியைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். வேளச்சேரி விஜயநகர் நெரிசலைத் தாண்டி வந்து "இன்னும் ஆகலை" என்ற பதிலைக் கேட்பவரின் கோபம் தாமதத்தால் மட்டும் வருவதல்ல, வீண் அலைச்சலால் வருவது.

இதெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு விளம்பரம் செய்யுங்கள். அதுவும் ஐப்பசியில் அல்ல, கல்யாணத் தையல் குறைவாக இருக்கும் புரட்டாசியில். "புரட்டாசிக்குள் கொடுத்தால் தையல் கூலியில் 10 சதவீதம் குறைவு" என்றால் காலியாக இருக்கும் கட்டங்கள் நிரம்பும், கடைசி வாரத்தின் கூட்டமும் கலையும்.

பெரம்பூரில் மெஸ் வைத்திருக்கிறோம். "சாம்பார் புளித்திருந்தது, கேட்டதற்கு எரிந்து விழுந்தார்கள்" என்று கூகுளில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார். இதை நீக்க முடியுமா? பணம் கொடுத்தால் ஐம்பது ஐந்து நட்சத்திர விமர்சனம் போட்டுத் தருவதாக ஓர் ஏஜென்சி சொல்கிறது.
– வாசகர், பெரம்பூர்

ஏஜென்சியை விட்டுவிடுங்கள். காசுக்கு விமர்சனம் வாங்குவதும், "ஐந்து நட்சத்திரம் போட்டால் காபி இலவசம்" என்பதும் கூகுள் விதிகளுக்கு எதிரானவை. கண்டுபிடித்தால் போலி விமர்சனங்களை மொத்தமாக நீக்கிவிடுவார்கள், சில காலம் புது விமர்சனம் வராதபடி நிறுத்தவும் செய்வார்கள். ஒரே வாரத்தில் "சூப்பர் ஃபுட்" என்று ஐம்பது பேர் எழுதியிருந்தால் படிப்பவருக்கே தெரிந்துவிடும்.

ஆபாசம், மிரட்டல், போட்டிக்கடைக்காரர் எழுதியது, உங்கள் கடைக்கே தொடர்பில்லாதது என்றால் விமர்சனத்தின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டுப் புகார் செய்யலாம். சாப்பிட்டவர் தன் அனுபவத்தைக் கடுமையாக எழுதியதற்காக நீக்கமாட்டார்கள். நீக்கவும் கூடாது.

அவர் சொன்னது உண்மையா என்று சமையலறையில் பாருங்கள். பதினொரு மணிக்கு இறக்கிய சாம்பாரை மூடிவைத்து மூன்று மணி வரை பரிமாறினால் சென்னை வெயிலில் புளிக்கத்தான் செய்யும். சமைத்த சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். அடுப்பை அணைத்த அண்டாவில் அந்தச் சூடு நிற்காது. தேங்காய் அரைத்து ஊற்றியது இன்னும் சீக்கிரம் கெடும். மிஞ்சியதன் மேல் புதிதை ஊற்றுவது எல்லாவற்றையும்விட மோசம், பழையது புதியதையும் கெடுத்துவிடும். பதினொன்றுக்கு ஒரு முறை, ஒன்றரைக்கு ஒரு முறை என இரண்டு தடவையாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாத்திரம்.

பிறகு அன்றைக்கே பதில் எழுதுங்கள். எழுதியவர் ஒருவர்தான், படிக்கப்போவது மதியம் எங்கே சாப்பிடலாம் என்று தேடுகிற பலர். இப்படி இருக்கலாம்: "ஐயா, சாம்பாரும் நாங்கள் பேசிய விதமும் இரண்டுமே தவறு. மன்னியுங்கள். இப்போது மதியத்துக்கு இரண்டு முறையாகச் சமைக்கிறோம். மறுபடி வந்து சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்." இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். "எங்களுக்கு இருபது வருட அனுபவம்" என்று தொடங்கினாலே அது வாக்குவாதமாகிவிடும். செய்யாத மாற்றத்தைச் செய்ததாகவும் எழுதாதீர்கள்.

கல்லா அருகே கியூஆர் அட்டை வைத்து எல்லோரிடமும் விமர்சனம் கேளுங்கள். முகம் மலர்ந்தவர்களிடம் மட்டும் பொறுக்கிக் கேட்பதும் விதிமீறல்தான். அப்படியே கூகுளில் உங்கள் கடை நேரத்தையும் சரிபாருங்கள். ஞாயிறு விடுமுறை, பொங்கல் விடுமுறை எல்லாம் அதில் ஏறியிருக்க வேண்டும். பசியோடு வந்து பூட்டிய ஷட்டரைப் பார்ப்பவர் போடும் ஒற்றை நட்சத்திரம், இரண்டு நிமிட வேலையில் தவிர்க்கக்கூடியது.

புரசைவாக்கத்தில் ரெடிமேட் கடை. பக்கத்துக் கடையில் ஆடிக்கு எல்லாவற்றுக்கும் 20 சதவீதம் தள்ளுபடி. நாங்களும் கொடுத்தால்தான் நிற்க முடியுமா?
– வாசகர், புரசைவாக்கம்

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 700 ரூபாய்க்கு வாங்கி 1,000 ரூபாய்க்கு விற்கும் சட்டையில் லாபம் 300. பத்து சதவீதம் குறைத்தால் லாபம் 200. 100 சட்டையில் வந்த அதே 30,000 ரூபாய் வர 150 சட்டை விற்க வேண்டும். இருபது சதவீதம் குறைத்தால் லாபம் 100தான், 300 சட்டை விற்க வேண்டும். மூன்று மடங்கு விற்க இடமும் ஆளும் இருக்கிறதா? பெரும்பாலான சிறு கடைகளில் இல்லை. இருபது சதவீதம் குறைத்து, விற்பனை ஒன்றரை மடங்காகிவிட்டதே என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போது கையில் காசு பாதியாகியிருக்கும்.

ஆறு மாதத்துக்கு மேல் அலமாரியில் இருப்பவை, ஓரிரு சைஸ் மட்டும் மிஞ்சியவை, இவற்றைத் தனி ரேக்கில் வைத்து 30, 40 சதவீதம்கூடக் குறையுங்கள். அந்தப் பணம் ஏற்கெனவே முடங்கியிருப்பதுதான். ஓடுகிற சரக்கைத் தொடாதீர்கள். குறைப்பதற்காக முதலில் விலையை ஏற்றி ஒட்டுவது வேண்டவே வேண்டாம், அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது சட்டவிரோதமும்கூட.

சலுகை மறுபடி வரவைப்பதாக இருந்தால் நல்லது. சிக் ஷாம்பு வளர்ந்த காலத்தில், எந்த பிராண்டின் காலி சாஷே ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார்கள். ஆட்கள் பழகிய பிறகு, ஐந்தும் சிக் சாஷேயாகவே இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். முதல் கட்டம் முயன்று பார்க்க வைத்தது, இரண்டாவது தொடர்ந்து வாங்க வைத்தது. நீங்கள் ஆடி பில்லோடு, தீபாவளிக்கு வாங்கும் சட்டையில் 100 ரூபாய் கழிக்கும் கூப்பன் கொடுக்கலாம். எந்தத் தேதிவரை, எவ்வளவுக்கு வாங்கினால் செல்லும் என்பதைப் பெரிய எழுத்தில் அதிலேயே அச்சிடுங்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று எங்கள் எலக்ட்ரிகல் கடை பில்லில் இருக்கிறது. அது செல்லுமா?
– வாசகர், அம்பத்தூர்

பழுதான பொருளுக்குச் செல்லாது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி, பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக முறை. பில் தராமல் இருப்பதும் அப்படியே. வாடிக்கையாளர் 1915-க்குப் போன் செய்தாலே புகார் பதிவாகும்.

அந்த வரியை அழித்துவிட்டு இப்படி அச்சிடுங்கள்: "பழுதான பொருள் பில்லுடன் வந்தால் 30 நாட்களுக்குள் மாற்றித் தரப்படும் அல்லது பணம் திரும்பத் தரப்படும். பயன்படுத்தாத பொருளைப் பெட்டியுடன் 7 நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். வெட்டிய வயர் மாற்றப்படாது." தகராறு குறைய வேண்டுமென்றால் பல்பைக் கவுன்ட்டரிலேயே எரியவிட்டு, மிக்ஸியை ஓடவிட்டுக் காட்டிக் கொடுங்கள். சீரியல் எண் பில்லில் இருக்கட்டும்.

வீட்டில் பலகாரம் செய்து விற்கிறேன். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் அனுப்பினால் பாதிப் பேருக்குப் போவதே இல்லை. ஏன்?
– வாசகி, மயிலாப்பூர்

உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான். அதனால் முதல் ஆர்டரைக் கொடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க மா, அடுத்த மெனு அனுப்புறேன்" என்று கேளுங்கள். வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள். முறுக்கு வாங்குபவர், இனிப்பு வாங்குபவர் என்று பட்டியலைப் பிரித்து மாதம் இரண்டு செய்தி அனுப்பினால் போதும். என்ன பலகாரம், கால் கிலோ என்ன விலை, ஆர்டருக்குக் கடைசி நாள், எந்த நாள் டெலிவரி, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். காலை வணக்கப் படங்கள் வேண்டாம். சலித்து நிறையப் பேர் பிளாக் செய்தால் உங்கள் எண்ணையே முடக்கிவிடக்கூடும்.

தி.நகரில் செருப்புக் கடை. காலையில் நன்றாகப் பேசும் பையன்கள் இரவு எட்டு மணிக்கு மேல் வாடிக்கையாளரிடம் எரிந்து விழுகிறார்கள். பயிற்சி வகுப்புக்கு அனுப்பலாமா?
– வாசகர், தி.நகர்

முதலில் அவர்களுக்கு உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கூட்டம் ஏறுவதற்கு முன், நான்கிலிருந்து ஆறு மணிக்குள், இரண்டிரண்டு பேராக இருபது நிமிடம் டீயும் டிபனும் முடித்து வரட்டும். ஒரு மாதம் இதைச் செய்த பிறகும் எரிந்து விழுபவர் யாரோ, அவரிடம் மட்டும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். வாடிக்கையாளர் முன்னால் வேண்டாம்.