12 வயதிலேயே எதற்கு இந்தத் தடுப்பூசி?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமலிருக்க ஹெச்.பி.வி. தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். 'சின்னப் பெண்ணுக்கு எதற்கு, கல்யாணத்தின்போது பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார் என் மாமியார். பின்னால் குழந்தை பிறக்காது என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். 38 வயதாகும் நானும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: மகளுக்கு இப்போதே போட்டுவிடுங்கள். சின்னப் பெண் என்பதுதான் இப்போது போடுவதற்கான காரணமே.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. உடலுறவு வழியாகப் பரவும் மிகச் சாதாரணமான கிருமி இது. தாம்பத்திய வாழ்க்கையைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒருமுறை தொற்றியிருக்கும். அதனால் இதில் யாருடைய ஒழுக்கத்தையும் சந்தேகிக்க இடமில்லை. பலருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, கருப்பை வாயின் செல்களை மெல்ல மெல்ல மாற்றும். அது புற்றுநோயாக முற்றப் பொதுவாக 15 முதல் 20 வருடம் பிடிக்கும்.

இந்த ஊசி, கிருமி தொற்றாமல் காக்கும். ஏற்கெனவே தொற்றிவிட்டதை வெளியேற்றாது. அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறோம். அந்த வயதில் எதிர்ப்புச் சக்தியும் நன்றாக உருவாகும், குறைந்த டோஸே போதும். ஒன்றா இரண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் மருத்துவர் சொல்வார்.

குழந்தை பிறக்காது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதன் வெளி உறையின் புரதம் மட்டுமே இருக்கிறது. கை வலி, லேசான காய்ச்சல் வரலாம். சில பிள்ளைகளுக்கு ஊசி பயத்தில் மயக்கம் வரும் என்பதால் 15 நிமிடம் உட்காரவைத்து அனுப்புவோம். உண்மையில் தாய்மையைப் பறிப்பது அந்தப் புற்றுநோய்தான். முற்றிவிட்டால் கருப்பையை எடுக்கவோ கதிர்வீச்சு கொடுக்கவோ வேண்டிவரும்.

மாமியாரிடம் ஸ்காட்லாந்து விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள். அங்கே 2008இல் பள்ளி மாணவிகளுக்கு இந்த ஊசியைப் போடத் தொடங்கினார்கள். 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட ஊடுருவிப் பரவும் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இப்படி ஒரு பாதுகாப்பு கையில் இருந்தும், தயக்கத்தால் பிள்ளைகள் அதை இழப்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, உங்களுக்கு வருவோம். 38 வயதில் ஊசியின் பலன் குறைவு. வேண்டுமானால் மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். உங்களுக்கு அதைவிட முக்கியம் பரிசோதனை. ஹெச்.பி.வி. பரிசோதனையோ, கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ இதுவரை செய்திருக்கவில்லை என்றால் இந்த மாதமே செய்துகொள்ளுங்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும். செல்களில் மாற்றம் தெரிந்தால், புற்றுநோயாகும் முன்பே அந்த இடத்தை மட்டும் சரிசெய்துவிடலாம். ஊசி எல்லா வகை ஹெச்.பி.வி.யையும் தடுக்காது என்பதால், உங்கள் மகளும் வளர்ந்தபின் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

உறவுக்குப் பிறகோ, மாதவிலக்குக்கு இடையிலோ ரத்தம் கசிந்தால், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால், பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள்.