பாவித்த ஹொண்டா பைக்கில் சிவப்புத் திறப்பு லைட் அணையவில்லை, ஸ்டார்ட்டும் ஆகவில்லை. இம்மொபிலைசரைக் கழற்றிவிடலாமா?

கழற்ற முடியாது. பெரும்பாலும் கழற்ற வேண்டிய தேவையும் வராது.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, மீற்றரில் திறப்பு அடையாளம் எரிந்தபடியே நிற்கிறது, விற்றவர் ஒரே ஒரு திறப்புத்தான் தந்தார் என்கிறீர்கள். எச்.ஐ.எஸ்.எஸ். என்பது ஹொண்டாவின் இம்மொபிலைசர், பதிவான திறப்பு இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத களவுப் பாதுகாப்பு. அது அந்தத் திறப்பைத் தன்னுடையது என்று ஏற்கவில்லை. "ரெண்டு வயரை ஜொயின்ட் பண்ணினா சரி" என்கிற பாஸிடம் பைக்கை விடாதீர்கள். கடையில் வாங்கிப் பூட்டும் ரிமோட் அலாரம் இக்னிஷன் வயரை ரிலேயால் துண்டிக்கும். அதற்கு அந்த வைத்தியம் சரி. இங்கே துண்டிக்கப்படும் வயர் என்று ஒன்று இல்லை. திறப்பின் தலைக்குள் ஒரு சிப், பூட்டைச் சுற்றி வளையம்போல ஒரு ரிசீவர். ரிசீவர் வாசிக்கும் இலக்கம், எஞ்சினை ஆளும் கம்பியூட்டரான ஈ.சி.எம்.மில் பதிந்திருப்பதோடு ஒத்துவராவிட்டால், ஈ.சி.எம். தானாகவே ஸ்பார்க்கையும் பெற்றோலையும் மறித்துவிடும்.

திறப்பை ஓன் செய்ததும் லைட் சுமார் 2 செக்கன் எரிந்து அணைந்தால் எல்லாம் சுகம். பைக்கை நிறுத்திய பிறகு 2 செக்கனுக்கு ஒருமுறை மினுக்கினால் பயப்பட வேண்டாம், அது கள்ளனுக்குக் காட்டும் படம். 24 மணித்தியாலத்தில் மினுக்கல் நின்றுவிடும், எஞ்சினை மறிக்கும் பாதுகாப்பு நிற்காது.

காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடியுங்கள். ஹேண்டிலில் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிச் 'ரன்' பக்கம் இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், லைட் அணைவதற்கு அதுவும் ஒரு நிபந்தனை. அடுத்தது திறப்புக் கோர்வை. அதே வளையத்தில் காருடைய சிப் திறப்போ இன்னொரு பைக்கின் திறப்போ தொங்கினால் இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி ரிசீவரைக் குழப்பும். பைக் திறப்பைத் தனியாகக் கழற்றி, மற்றவற்றைக் குறைந்தது 50 மி.மீ. தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு பற்றரி: முழுச் சார்ஜில் 12.6 முதல் 12.8 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் வேறொன்றையும் சந்தேகிக்க முன்னம் பற்றரியை மாற்றுங்கள்.

இத்தனைக்கும் லைட் அணையவில்லை என்றால் என் சந்தேகம் திறப்பின் மேல்தான். தெருவோரத்தில் வெட்டிய டூப்ளிகேட் ஹேண்டில் பூட்டைத் திறக்கும், சீட்டைத் திறக்கும், மீற்றரையும் எரியவைக்கும். சிப் இல்லாததால் எஞ்சினுக்கு மட்டும் அது அந்நியன். தலை முழுக்க இரும்பாக இருந்தால் அநேகமாக டூப்ளிகேட்தான். விற்றவரிடம் ஒரிஜினல் இருந்தால் ஒரு தடவை கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் திறப்பைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரிஜினலைப் பூட்டில் போட்டு ஓன் செய்யுங்கள். லைட் அணைந்து ஸ்டார்ட் ஆனால் ரிசீவர், வயரிங், ஈ.சி.எம். மூன்றும் சுத்தம், பிழை உங்கள் கையில் இருக்கிற திறப்பில்.

ஒரிஜினலுக்கும் அணையாவிட்டால் ரிசீவரின் வயரைப் பாருங்கள். அது ஹேண்டில் திரும்பும் இடத்தை ஒட்டிப் போவதால் வருடக்கணக்கில் மடங்கி, மேலே பிளாஸ்டிக் நன்றாகத் தெரிய, உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஓன் செய்து ஹேண்டிலை இடது கடைசி, நடு, வலது கடைசி என மூன்று நிலையிலும் வைத்துப் பாருங்கள். ஒரு நிலையில் மட்டும் லைட் அணைந்தால் நோயைப் பிடித்துவிட்டீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் கடற்கரையோரம் நின்ற பைக் என்றால் ரிசீவரின் 4 பின் கனெக்டரையும் கழற்றுங்கள். பச்சைப் பூஞ்சணம்போலப் படிந்திருந்தால் கொன்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, திரும்பப் பூட்டுங்கள். ஓன் நிலையில் ஹார்னஸ் (பைக்கின் வயர்க் கட்டு) பக்கத்தின் சப்ளை பின்னுக்கும் ஏர்த் பின்னுக்கும் இடையே பற்றரி வோல்ட் வர வேண்டும். வயர் நிறம் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் மாடலின் டயகிராமைப் பார்க்காமல் மல்ட்டிமீற்றர் முனையைக் குத்தாதீர்கள்.

இதுவும் சரி என்றால், யாரோ வேறு பைக்கின் ஈ.சி.எம்.மை மாட்டியிருக்கலாம். ஈ.சி.எம்., பூட்டு, திறப்பு மூன்றும் ஒரே பைக்கிலிருந்து செட்டாக வந்திருந்தால் ஓடும், தனித்தனியே வந்தால் ஓடாது. கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ஈ.சி.எம். தேடினால் திறப்போடு சேர்த்தே பேரம் பேசுங்கள்.

புதிய சிப் திறப்பைப் பதிவதற்குப் பதிவான திறப்பு ஒன்று கட்டாயம். பல மாடல்களில் இக்னிஷன் பல்ஸ் ஜெனரேட்டரின் (எஞ்சின் சுற்றுவதை உணரும் சென்சர்) கனெக்டரில் ஹொண்டா அடாப்டரைப் பூட்டிப் பற்றரியில் கிளிப் போடுவார்கள். பழைய திறப்பால் ஓன் செய்து, சிவப்புக் கிளிப்பை 2 செக்கனுக்குக் கூடுதலாக எடுத்துத் திரும்பப் போட்டால், லைட் 2 செக்கன் எரிந்து நாலு நாலாக மினுக்கும். அந்த நொடியே பூட்டில் உள்ளதைத் தவிர மற்றத் திறப்புகள் எல்லாம் அழிந்துவிடும். எனவே வீட்டிலிருக்கும் ஸ்பெயார் திறப்பையும் கொண்டுபோய் அதே இருப்பில் பதிந்துகொள்ளுங்கள். மொத்தம் 4 வரை பதியலாம்.

பதிவான திறப்பு ஒன்றுமே இல்லையென்றால் கம்பனி மானுவல் சொல்வது புதிய ஈ.சி.எம்., புதிய திறப்புகள். ஈ.சி.எம். மெமரியை வாசித்துத் திறப்புச் செய்யக்கூடிய ஆட்களிடம் கேட்டுவிட்டு அந்தச் செலவுக்கு இறங்குங்கள். பைக்கின் பதிவுப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அதைக் கேட்காமலே திறப்புச் செய்து தருகிறவரிடம் நான் போகமாட்டேன்.

யமஹா வாங்கப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல்: இம்மொபிலைசர் உள்ள பல மாடல்களில் சிவப்புத் தலைத் திறப்பு ஒன்றும் கறுப்பு இரண்டும் வரும். கறுப்பைப் பதிவது சிவப்பால் மட்டுமே. சிவப்பு இல்லை என்றால் விலையைக் குறைக்கக் கேளுங்கள். மீற்றரில் பிழை இலக்கம் 51 வந்தால் திறப்பின் கோட் வந்துசேரவில்லை, 52 வந்தால் கோட் பொருந்தவில்லை.